மாசி வீதிக் கூட்டத்துக்குப் பின்னால் நாலு பிள்ளைகள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதுரை விளக்குத்தூணிலும் தெற்கு மாசி வீதியிலும் திரண்ட கூட்டத்தின் படத்தை மறுநாள் உங்கள் பத்திரிகையில் பார்த்தேன். எள் போட்டால் எள் விழாத கூட்டம். நல்ல படம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்குச் சேலையை விரித்து விரித்துக் காட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியின் நாலு பிள்ளைகள் அன்று காலை ஏழரை மணியிலிருந்து ராத்திரி பத்தே முக்கால் வரை என் வீட்டில் இருந்தார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனாலும் பொறுத்துக்கொண்டு பிரசுரியுங்கள்.

நான் 31 வருடம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். செல்லூரில் ஐந்து வீடுகள் உள்ள ஒரு வளவில் குடியிருக்கிறேன். எதிர் வீட்டுப் பெண் மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டுக்காரர் லைன் லாரி டிரைவர், வடக்கே போனால் வர இருபது நாள் ஆகும். பிள்ளைகளை இதுவரை பார்த்துக்கொண்டது அவர்களுடைய அப்பத்தா. அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நாத்தனார் அங்கே துணைக்கு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள். "பெரியம்மா, இன்னைக்கு ஒரு நாள் பிள்ளைகளைப் பாத்துக்கிறீங்களா? லீவு கேட்டா, தீபாவளி முடிஞ்சும் நீ வர வேணாம்ங்கிறாங்க" என்றாள். சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

மூத்தவளுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. அடுத்தது இரட்டைப் பையன்கள், ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. கடைக்குட்டி பெண், இரண்டரை வயது. பள்ளிக்கூடம் போகும் மூன்றும் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். அங்கன்வாடியில் ஒரே நேரத்தில் 25 பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டு உட்கார வைத்தவள் நான், ஆகையால் நாலு பிள்ளை எனக்குப் பெரிய கணக்கில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் அங்கன்வாடியில் கூட ஓர் உதவியாளர் இருப்பார், பிள்ளைகள் வருவதற்கு ஒரு நேரம் உண்டு, சாப்பாடு போட்டுக் கொஞ்சம் தூங்க வைத்தால் பிற்பகலில் போவதற்கும் ஒரு நேரம் உண்டு. முழுப் பகலும் அதற்கு மேல் ராத்திரியும் என்பது வேறு வேலை. பதினைந்து மணி நேரம், ஆசிரியர் அவர்களே.

முதல் வேலை தலைக்கு எண்ணெய் வைப்பது. பையன்களில் ஒருவனுக்கு வைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவன் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் பாதி ஏறிவிட்டான். இறக்கிக் கொண்டுவந்தால் முதலாமவன் எண்ணெய்க் கிண்ணத்தோடு காணோம். இட்லி சாப்பிடும்போது எண்ணிக்கை தகராறு. அவனுக்கு நாலு, எனக்கு மூணு என்று ஒருவன் அழ, நீ கடைசியாப் பொறந்தவன் அப்படித்தான் என்று மற்றவன் சொல்ல, தண்ணிச் சட்னி பாய் முழுவதும் ஓடியது. பத்து நிமிட வித்தியாசத்தில் பிறந்தவர்கள் அவர்கள். "பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் குடுப்பாங்க அம்மாச்சி" என்றான் சின்னவன். காலை உணவுத் திட்டத்தைச் சொல்கிறான். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று எந்தக் கிழமைக்கு எது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அந்தத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் நம்முடைய மதுரையில், ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கி வைத்தார். மறு வருடமே தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. இதை ஒரு காரணத்துக்காகச் சொல்கிறேன், பின்னால் வருகிறேன்.

அப்புறம் கேப் துப்பாக்கி, அப்புறம் கண்ணாமூச்சி, அப்புறம் வளவில் காயப் போட்டிருந்த அடுத்த வீட்டுப் போர்வைக்குள் கூடாரம். திட்டு வாங்கியது நான். வாங்கிக்கொண்டேன், பிள்ளைகள் என்றால் ஓடத்தான் செய்யும். எங்கள் தெருவில் அவர்கள் ஓட ஒரு பத்தடி மண் தரை கிடையாது, இரண்டு பக்கமும் பைக் நிற்கிறது, நடுவில் ஆட்டோ போகிறது. வீட்டுக்குள்ளேயே ஓடு என்றால் அதுகள் ஏணியில்தான் ஏறும்.

மத்தியானம் கோழிக் குழம்பு வைத்துச் சாப்பிட வைத்தேன். கொஞ்சம் அடங்கட்டும் என்று பல்லாங்குழியை எடுத்துப் போட்டேன். பதினாலு குழிக்கு ஐந்து ஐந்தாக எழுபது முத்து வேண்டும். வீட்டில் இருந்த புளியங்கொட்டை அறுபதுதான் தேறியது, மிச்சத்துக்குக் காய்ந்த பட்டாணி பத்தைப் போட்டேன். இது நான் செய்த தவறு. இத்தனை வருடம் தாய்மார்களுக்கு நானே சொல்லிக் கொடுத்த விஷயம் இது, மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளை கைக்கு எட்டும்படி சின்ன மணி, பட்டாணி, பட்டன் எதுவும் வைக்காதீர்கள் என்று. குட்டி தூங்குகிறது என்று நினைத்துப் போட்டேன். குட்டி எழுந்து வந்ததை நான் பார்க்கவில்லை, அந்த நேரம் பையன்களின் சண்டையை விலக்கிக்கொண்டிருந்தேன். மூத்தவள்தான் கத்தினாள். "அம்மாச்சி, பாப்பா மூக்குல!"

வலது மூக்கில் பட்டாணி. வெளியே மஞ்சளாக ஒரு பொட்டு அளவு தெரிந்தது. விரலை விட்டு எடுக்கலாம் என்று கை பரபரக்கும், ஆனால் எடுக்கக் கூடாது. விரலோ ஹேர்பின்னோ விட்டால் அது இன்னும் உள்ளேதான் போகும். பட்டாணி, கடலை மாதிரிப் பொருள் என்றால் ஈரத்தில் ஊறி ஊதும், ஆகையால் நேரத்தைக் கடத்தக் கூடாது, மூக்கில் தண்ணீரும் விடக் கூடாது. பிள்ளையைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி உட்கார வைத்து, வாயால் மூச்சு விடச் சொல்லி, அழவிடாமல் கொண்டு போக வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கை நடுங்கியது.

ஆட்டோவில் குட்டியை மடியில் நிமிர்த்தி வைத்தேன். பையன்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள், அன்று அவர்கள் சும்மா இருந்தது அந்த ஒரு தடவைதான். மூத்தவள் எதிரே கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தங்கச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பாப்பா, ஆ காட்டு, அக்கா மாதிரி ஆ காட்டு, மூக்குல மூச்சு விடாத" என்று கோரிப்பாளையம் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் பொண்ணு குட்டியை ஒரு துணியில் சுற்றி என்னை இறுகப் பிடிக்கச் சொல்லி, நுனி வளைந்த ஒரு மெல்லிய கம்பியால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டாள். பட்டாணி லேசாக ஊதியிருந்தது. அந்தப் பொண்ணுக்கு என் நன்றியை இந்தக் கடிதத்திலும் சொல்லிக்கொள்கிறேன்.

வெளியே வந்து நான் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும்போது மூத்தவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மாட்ட சொல்லாதீங்க அம்மாச்சி. நாந்தான பாத்திருக்கணும்."

ஒன்பது வயதுப் பிள்ளை. கவனக் குறைவாக இருந்தது நான், பட்டாணியைப் போட்டது நான். ஆனால் அவள் மனதில் அது அவள் பொறுப்பு. நீ இல்லைடா, அம்மாச்சிதான் பாத்திருக்கணும் என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். தலையை ஆட்டினாள், ஆனால் நம்பவில்லை.

சாயங்காலம் தெருமுனையில் தள்ளுவண்டிக்காரரிடம் ஆளுக்கொரு டம்ளர் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். சுக்கு வாசனையோடு சூடாகக் குடித்ததும் பையன்கள் பழைய நிலைக்கு வந்துவிட்டார்கள், ஏணி கூப்பிட்டது. மூத்தவளை வீட்டுப்பாடம் எழுதச் சொன்னேன். கணக்கு நோட்டை எடுத்தாள். பெருக்கல் வரைக்கும் அழகாக, கட்டத்துக்கு ஓர் எண் என்று போட்டிருக்கிறாள். அதற்கப்புறம் நோட்டு ஒரு நாள் இருக்கிறது, இரண்டு நாள் இல்லை. வகுத்தல் என்று தலைப்பு மட்டும் எழுதி, கோடு போட்டு, கீழே வெறும் பக்கம். ஏன்டா என்று கேட்டேன். கணக்கு மத்தியானம் நடக்கும் பாடம், அப்பத்தா படுத்ததிலிருந்து மத்தியானம் அவள் பள்ளியில் இருப்பதில்லை. குட்டியைக் காலையில் அம்மா அங்கன்வாடியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறாள். அங்கன்வாடி விடும்போது பள்ளி விடுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. கூப்பிட யார் போவது? இவள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டீச்சரிடம் சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள். எதிர் வீட்டில் இருக்கும் எனக்கே இது தெரியவில்லை, பள்ளி அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. எடுத்துச் சொல்லிக் கொடுத்தேன், இருபத்து நாலு இட்லியை நாலு பேருக்குப் பங்கு வை என்று. உடனே ஆறு என்றாள். கெட்டிக்காரப் பிள்ளை.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கு அந்த வெறும் பக்கம்தான் காரணம்.

தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காகப் பெண் பிள்ளைகள் பள்ளியை விடுகிறார்கள், அதற்காகப் பகல்நேரக் குழந்தைக் காப்பகங்கள் வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஏழைப் பெண்கள் வேலைக்குப் போக அது துணையாக இருக்கும் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டேன், இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதற்கும் முன்னால், 1975 அக்டோபர் 2-இல் ஐசிடிஎஸ் என்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்து, அங்கன்வாடி தொடங்கியது. நான் அந்த வேலையைக் குறைத்துப் பேச மாட்டேன், அதில்தான் என் வாழ்க்கை போனது. சத்துமாவு, எடை பார்ப்பது, தடுப்பூசி நாள், கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போவது, பாட்டு, கதை என்று அந்த அறைக்குள் எவ்வளவோ நடக்கிறது. ஆனால் அது தாயின் வேலை நேரத்தைப் பார்த்து வகுத்த நேரம் இல்லை. காப்பகத்துக்கென்று ஒன்றிய அரசின் திட்டம் தனியாக உண்டு, இப்போது பால்னா என்ற பெயரில் அங்கன்வாடியோடு சேர்த்து நடத்தச் சொல்கிறார்கள். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம். நல்ல திட்டம். ஆனால் காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போய் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வெளியே வருகிறவளுக்கு ஏழரை மணி நேரம் எந்த மூலைக்கு? மாதம் 26 நாள் என்றால் ஞாயிறு கிடையாது. ஜவுளிக்கடைக்கு ஞாயிறுதான் திருநாள்.

கடைகள் பக்கம் வருகிறேன். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் கடைகளை வருடம் முழுவதும், நாள் முழுவதும் திறந்து வைக்கலாம் என்று 2019-இல் அரசு அனுமதி கொடுத்தது. வியாபாரம் நடக்கட்டும், நல்லது, அதில்தான் எதிர் வீட்டு அடுப்பும் எரிகிறது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் சட்டசபையில் சட்டம் கொண்டுவந்தார்கள். கேட்டபோது மனசு குளிர்ந்தது. ஆக, கடை திறக்கும் நேரத்தை யோசித்தோம், அந்தப் பெண்ணின் கால் வலியையும் யோசித்தோம். அவள் கடையில் நிற்கும்போது அவள் பிள்ளை எங்கே இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டாமா?

அதற்கும் சட்டம் இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தை 2017-இல் திருத்தியபோது, 50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்து வர அனுமதிக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். பலருக்குத் தெரியாத ஒன்று அதே பிரிவில் இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும் என்பதில்லை, பொது வசதியாகச் சேர்ந்தும் வைக்கலாம். நம்முடைய மாசி வீதிகளுக்கு இது பொருத்தி எழுதினது மாதிரி இருக்கிறது. ஐந்தாறு பெரிய கடைகள் சேர்ந்து, நடந்து போகும் தூரத்தில், காற்றோட்டமான ஒரு மாடியைப் பிடித்து, பயிற்சி உள்ள நாலு பெண்களை வேலைக்கு வைத்தால் போதும். சின்னக் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களும் அங்கே பிள்ளையை விடலாம். கோயிலைச் சுற்றி வண்டிகளை விடப் பல மாடிக் கட்டடமே கட்டியிருக்கும் ஊர் இது, பிள்ளைகளுக்கு ஒரு மாடி கிடைக்காமல் போகாது. வணிகர் சங்கங்களையும் மாநகராட்சியையும் தொழிலாளர் துறையையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், இந்த ஒன்றைச் செய்து பாருங்கள்.

இன்னொன்று, செல்லூர் மாதிரிக் கூலி வேலைக்காரர்கள் நிறைந்த வார்டுகளில் ஓர் அங்கன்வாடியாவது ராத்திரி வரைக்கும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துத் திறந்திருக்க வேண்டும். இப்போது இருக்கும் பணியாளர் தலையிலேயே அதையும் கட்டிவிடாதீர்கள், அவர்களுக்கு ஏற்கெனவே கழுத்து வரைக்கும் வேலை. இரண்டாவது ஷிப்டுக்குத் தனி ஆள், தனிச் சம்பளம். பள்ளி விட்டு வரும் அண்ணன் அக்காக்களையும் அங்கேயே உட்கார வைத்துப் பாடம் எழுதச் சொல்லலாம், ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் பிரித்தால் அதுகளுக்கு இருப்புக் கொள்ளாது. காலை உணவை முதலில் மதுரையில் ஆரம்பித்து தமிழ்நாடு முழுக்கக் கொண்டு போக முடிந்ததே. இதையும் இங்கேயே ஆரம்பிக்கலாம் என்றுதான் அதைச் சொன்னேன்.

வளவில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார், வளர்க்க வசதியில்லாதவர்கள் ஏன் நாலு பெற்றுக்கொள்கிறார்கள் என்று. ஆசிரியர் அவர்களே, அந்த நாலும் பிறந்துவிட்டன. ஏணியில் ஏறுகின்றன, இட்லி எண்ணுகின்றன, வகுத்தல் கேட்கின்றன. அவர் வீட்டுப் பேத்திக்குத் தீபாவளிப் பட்டுப்பாவாடையை அளவு பார்த்து எடுத்துக் கொடுத்தது இந்த நாலு பிள்ளைகளின் தாயாகக்கூட இருக்கும்.

ராத்திரி ஒன்பது மணிக்குப் பையன்கள் ஒருவன் மேல் ஒருவன் கால் போட்டுத் தூங்கிவிட்டார்கள். குட்டி மட்டும் அம்மா, அம்மா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. மூத்தவள் அதைத் தோளில் போட்டு வளவில் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நடந்தாள். என்னிடம் கொடு என்றால் கொடுக்கவில்லை, பாப்பாவுக்கு இந்தத் தோள்தான் பழக்கம் என்றாள். பத்தே முக்காலுக்கு அவர்கள் அம்மா வந்தாள். செருப்பைக் கழற்றியபோது வாரின் தடம் காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது, சுற்றிலும் வீக்கம். பட்டாணி விஷயத்தைச் சொன்னேன், என் தவறென்றும் சொன்னேன், மூத்தவளைப் பற்றியும் நோட்டைப் பற்றியும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. தூங்கிக்கொண்டிருந்த குட்டியின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், அப்புறம் மூத்தவளைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து மத்தியானத்தில் குட்டியை நான் போய்க் கூப்பிட்டு வருகிறேன். மூத்தவள் முழு நாளும் பள்ளியில் இருக்கிறாள், வகுத்தல் மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள். தீபாவளி முடிந்த கையோடு நான் கோயம்புத்தூர் போக வேண்டும், மருமகளுக்குப் பேறுகாலம், திரும்பி வர மூன்று மாதம் ஆகும். அப்பத்தா எழுந்து நடக்க அதற்கும் மேல் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குட்டியைக் கூப்பிட யார் போவாள் என்று மூத்தவளிடம் கேட்கவே இல்லை நான். அவளாகவே நேற்று, எத்தனாம் தேதி கெளம்புறீங்க அம்மாச்சி, டீச்சர்ட்ட சொல்லி வைக்கணும் என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
செல்லூர், மதுரை.